கேள்வி யாரிடம்?

வீடற்றவர்களைப் பற்றியும் கவுன்சில் வீடுகளைப் பற்றியும் ஆங்கிலத்தில் வரும் பாட்காஸ்ட்களைச் சில வருடங்களாகத் தொடர்ந்து கேட்டுவருகிறேன். வேலையால் வந்த பழக்கம். லண்டனில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். மருத்துவமனை, நீதிமன்றம், பிள்ளைகளின் பாடசாலை என்று பல இடங்களிலிருந்தும் கூப்பிடுவார்கள். ஆனால் கூடுதலாகக் கூப்பிடுவது கவுன்சில்களின் வீட்டுப் பிரிவுதான். வீட்டுச் சட்டத்தின் சொற்கள் காதில் பழகட்டும் என்று பஸ்ஸில் போகும்போது கேட்கத் தொடங்கினேன். சொற்கள் பழகின. கூடவே ஓர் எரிச்சலும் வளர்ந்தது. அந்த எரிச்சலுக்குக் காரணம் தேடும் முயற்சிதான் இந்தக் கட்டுரை.

எரிச்சல் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இவற்றைச் செய்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். அரசு கைவிட்ட இடத்தில் தொண்டு நிறுவனங்கள் நிற்கின்றன. பத்திரிகைகள் கவனிக்காத பெண்களை இந்த ஒலித்தொடர்கள் தேடிப்போய்க் கேட்கின்றன. பிறகு என்ன குறை? குறை அந்தக் 'கேட்பதில்' இருக்கிறது. தமிழில் கேள் என்ற ஒரே வினை இரண்டு வேலை பார்க்கிறது. செவி கொடுப்பதும் கேட்பதுதான், கேள்வி போடுவதும் கேட்பதுதான். வீடற்ற பெண்ணின் குரலைக் கேட்கிறோம் என்று சொல்லும் நிகழ்ச்சிகளில் பல, உண்மையில் அவளைக் கேள்வி கேட்கின்றன. அதுவும், அவள் ஏற்கனவே பதில் சொல்லிச் சலித்த அதே கேள்விகளை.

அந்தக் கேள்விகள் எங்கே பிறந்தவை என்று பார்க்கலாம். வீடிழந்தவர்களுக்கு வீடு தரும் கடமையைக் கவுன்சில்கள்மேல் சுமத்திய சட்டம் பிரித்தானியாவில் 1977இல் வந்தது. இங்கிலாந்தில் இன்று நடைமுறையில் இருப்பது 1996 வீட்டுவசதிச் சட்டத்தின் ஏழாம் பாகம். 2017இல் வந்த இன்னொரு சட்டம் அதில் சில கடமைகளைச் சேர்த்தது. முழு உதவி கிடைக்க ஒரு பெண் பல வாசல்களைத் தாண்டவேண்டும். இந்த நாட்டில் உதவி பெற உனக்குத் தகுதி உண்டா? நீ உண்மையிலேயே வீடிழந்தவளா? உன்னுடையது முன்னுரிமைத் தேவையா, அதாவது வயிற்றிலோ கையிலோ பிள்ளை இருக்கிறதா, இல்லையென்றால் மற்றவர்களைவிட நீ நலிந்தவளா? வீட்டை நீயாக வேண்டுமென்று இழந்தாயா? இந்த ஊரோடு உனக்கு என்ன தொடர்பு?

அதிகாரி இப்படி ஒருமையில் கேட்பதில்லை, மிக மரியாதையாகத்தான் கேட்பார். ஆனால் ஒவ்வொரு மரியாதைக்குப் பின்னாலும் ஒரு சட்டப் பிரிவு நிற்கிறது. அந்தப் பெண் பதிலாகக் கொடுக்கக்கூடியது ஒன்றுதான்: தன் கதை. எந்த இரவு வெளியே வந்தாள், கையில் என்ன இருந்தது, அதற்கு முந்திய இரவுகளில் என்ன நடந்தது. மொழிபெயர்ப்பாளர் முதல் ஆளிலேயே பேசவேண்டும் என்பது எங்கள் தொழில் விதி. 'அவர் அடித்ததாக இவர் சொல்கிறார்' என்று நான் சொல்லக்கூடாது. 'அவர் என்னை அடித்தார்' என்றுதான் சொல்லவேண்டும். அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பதும் விதி, ஆகவே எந்தப் பெண்ணின் கதையும் இந்தக் கட்டுரையில் வராது. வந்தால்கூட அது அவளுடைய இன்னொரு மறுசொல்லலாகத்தான் இருக்கும். பொலிஸிடம், டாக்டரிடம், புகலிடம் நடத்தும் அமைப்பிடம், வழக்கறிஞரிடம், கவுன்சிலிடம் என்று அவள் அதே இரவை ஏற்கனவே ஐந்தாறு தடவை சொல்லியிருப்பாள். வாடகை கொடுக்கக் காசில்லாதவளிடம் வாடகைக்குப் பதிலாக வாங்கப்படுவது கதை.

ஏழாவது தடவைக்கு மைக் வருகிறது.

தொண்டு நிறுவனங்கள் தாங்களே தயாரிக்கும் பாட்காஸ்ட்களில் நான் கேட்டவை பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடுகின்றன. மெல்லிய பியானோ. பெயர் மாற்றப்பட்ட ஒரு பெண். அவளுடைய மிக மோசமான இரவு. குரல் உடையும் இடத்தில் வெட்டாமல் விட்ட மௌனம். பிறகு ஒரு திறப்பு, ஒரு கதவு, பிள்ளைகளுக்குத் தனி அறை. கடைசியில் நிறுவனத்தின் தலைவர் வந்து உங்கள் நன்கொடையால்தான் இது முடிந்தது என்பார். கேள்விகளின் வரிசையைக் குறித்துப் பார்த்தால் வீட்டு அதிகாரியின் படிவத்தோடு அநேகமாக ஒத்துப்போகும். எப்போது வெளியே வந்தீர்கள், எங்கே படுத்தீர்கள், பிள்ளைகள் கூட இருந்தார்களா. வித்தியாசம், இங்கே தேநீர் கொடுக்கிறார்கள்.

அவளைக் கவுன்சில் எத்தனை தடவை திருப்பி அனுப்பியது, திருப்பி அனுப்பியவர் எந்தப் பிரிவைச் சொன்னார், அவள் இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் யார் என்ற கேள்விகள் வருவதில்லை. காரணம் பலருக்கும் தெரிந்ததுதான். இந்த நிறுவனங்களில் பல அதே கவுன்சில்களோடு ஒப்பந்தம் போட்டுத்தான் விடுதிகளையும் ஆலோசனை மையங்களையும் நடத்துகின்றன. சோறு போடும் கையை மைக்கில் விசாரிக்க முடியாது.

இந்த வடிவத்துக்கு ஒரு தாய் உண்டு. 1966 நவம்பரில் பிபிசியில் ஒளிபரப்பான 'கேத்தி கம் ஹோம்'. ஜெரமி சாண்ட்ஃபோர்ட் எழுதி, கென் லோச் இயக்கிய தொலைக்காட்சி நாடகம். ஒரு கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். இளம் தம்பதி, கணவனுக்கு விபத்து, வாடகை தவறுகிறது, ஒவ்வொரு வீடாக இறங்கி, கடைசியில் கணவனைச் சேர்க்காத தாய்மார் விடுதி, இறுதிக் காட்சியில் ரயில் நிலையத்தில் கேத்தியின் கையிலிருந்து பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி ஷெல்டர் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. திட்டம் முன்பே இருந்தது, ஆனால் நாடகம் கிளப்பிய கோபம் அதற்கு உதவியது. கோபத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. இன்று பார்த்தாலும் அந்தக் கடைசிக் காட்சியில் வயிறு கலங்கும்.

ஆனால் கேத்தியை யார் என்று பாருங்கள். வெள்ளைக்காரி, அழகி, இளையவள், கலியாணம் முடித்தவள், பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருப்பவள். அவள்மேல் ஒரு பிழை சொல்ல இடமில்லை. அந்தப் பிழையின்மைதான் பார்வையாளரின் கண்ணீருக்குக் கொடுக்கப்பட்ட அனுமதிச் சீட்டு. 56 வயதில் குடிப்பழக்கத்தோடு இருப்பவள், பிள்ளை பெறாதவள், பிள்ளைகளைத் தானே விட்டுவிட்டு வந்தவள், அதிகாரியிடம் கத்தியவள்: இவர்களுக்கு நாடகத்தில் நாயகி வேடம் இல்லை. சட்டத்திலும் நெடுங்காலம் இல்லை. வீட்டு வன்முறையிலிருந்து தப்பிவந்த பெண்ணுக்குத் தானாகவே முன்னுரிமை உண்டு என்ற விதி இங்கிலாந்தில் 2021ஆம் ஆண்டு வீட்டு வன்முறைச் சட்டத்தோடுதான் வந்தது. அதுவரைக்கும் பிள்ளையில்லாத பெண், அடிவாங்கியதற்கு மேலாகத் தான் விசேஷமாக நலிந்தவள் என்று நிறுவவேண்டியிருந்தது. நல்ல தாய்க்குத்தான் வீடு என்ற கணக்கைச் சட்டம் மெல்லக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது. பாட்காஸ்ட்கள் இன்னும் கைவிடவில்லை.

மைக் எங்கே போகிறது என்பதும் ஒரு கேள்வி. வீடின்மை பற்றிய ஒலிப்பதிவு என்றால் தெருவின் ஓசை வரவேண்டும்: மழை, பஸ், அட்டைப்பெட்டியின் சரசரப்பு. ஆகவே தெருவில் படுத்திருப்பவரிடம் போகிறார்கள். அரசும் அப்படித்தான் எண்ணுகிறது. இங்கிலாந்தில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஒரு குறிப்பிட்ட இரவில் எத்தனை பேர் தெருவில் படுத்திருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பார்கள். அண்மைய வருடங்களில் அந்தக் கணக்கில் பெண்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு. ஆனால் இரவில் எந்தப் பெண் படுப்பாள்? இரவு பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வருவாள், ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நோயாளியின் உறவினர் போல உட்கார்ந்திருப்பாள், விடியும்வரை நடந்துகொண்டேயிருப்பாள், அல்லது கூரைக்காகப் பிடிக்காத ஒருவனோடு போவாள். இதைக் கண்டுதான் பெண்கள் அமைப்புகள் 2022இல் லண்டனில் தனியாகப் பெண்களுக்கான கணக்கெடுப்பு ஒன்றைத் தொடங்கின. படுத்திருக்கும் உடலை எண்ணாமல், அண்மைய நாட்களில் இரவை எங்கே கழித்தாய் என்று கேட்கும் கணக்கெடுப்பு. மறுபக்கம், தற்காலிக வீடுகளில் வைக்கப்பட்டிருக்கும் வீடற்ற வயதுவந்தவர்களில் அறுபது விழுக்காடு பெண்கள் என்று ஷெல்டர் 2021இல் கணக்குக் காட்டியது. அப்படி இருக்கும் குடும்பங்கள் 2023இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஓர் அறை, ஒரு கட்டில், பொதுச் சமையலறை, பாடசாலைக்கு இரண்டு பஸ். இதில் பதிவுசெய்ய ஓசை இல்லை. மைக்குக்கு அது சுவாரஸ்யமான இடம் அல்ல.

எங்கள் ஆட்களுக்கு இன்னொரு விசேஷமான மறைவிடம் உண்டு. "எங்கட ஆக்களில வீடில்லாத ஆக்கள் எண்டு ஒருத்தரும் இல்லை" என்று லண்டன் தமிழர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஒருவகையில் உண்மை. புருஷன் வீட்டிலிருந்து வெளியேறியவள் ஒன்றுவிட்ட அக்காவின் ஹாலில் படுக்கிறாள். பகலில் மெத்தையைச் சுருட்டி சோபாவுக்குப் பின்னால் வைக்கிறாள். அக்காவின் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிப்போகிறாள், சமைக்கிறாள், ஏனென்றால் சும்மா இருக்க முடியாது. கணவனின் விசாவில் வந்தவளென்றால் அரசின் பொதுநிதி எதையும் தொடக்கூடாது என்ற நிபந்தனை அவள் விசாவிலேயே இருக்கும். இந்த நிபந்தனைக்கு எதிராக சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பு பல வருடங்களாகப் போராடியதன் விளைவாகவே, வன்முறையிலிருந்து தப்பிய வாழ்க்கைத்துணை விசாக்காரர்களுக்கு மூன்று மாத நிதிச் சலுகை 2012இல் வந்தது. இதைச் சொல்லும் ஒரு தமிழ் நிகழ்ச்சியை நான் இன்னும் கேட்கவில்லை. எங்கள் வானொலிகளில் வீடு வாங்கும் கடன் விளம்பரங்களுக்குக் குறைவில்லை.

அமெரிக்காவில் இந்தக் கதை வாங்கும் முறையைக் கணக்காகவே மாற்றிவிட்டார்கள். '99% இன்விசிபிள்' குழுவிலிருந்து கேட்டி மிங்கிள் 2020 டிசம்பரில் வெளியிட்ட 'அக்கார்டிங் டு நீட்' தொடரை இந்த வகையில் நான் கேட்டவற்றில் மேலானதாகச் சொல்வேன். களம் கலிபோர்னியாவில் ஓக்லாந்தும் அதைச் சுற்றிய அலமீடா மாவட்டமும். வீடில்லாத ஒருவர் உதவி எண்ணை அழைத்தால் அதன் பிறகு என்ன நடக்கிறது என்ற எளிய கேள்வியைப் பிடித்துக்கொண்டு, அழைப்பு, நேர்காணல், பட்டியல், காத்திருப்பு என்று ஒவ்வொரு கதவாகப் போகிறார். கண்ணீரைவிட வரிசையைப் பற்றி அதிகம் பேசும் தொடர். வீடு தேவைப்படுவோர் எல்லாருக்கும் கொடுக்க வீடு இல்லை. ஆகவே யாருக்கு முதலில் என்று தீர்மானிக்க ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பாடுதான் இங்கே முக்கியப் பாத்திரம்.

அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், அதன் உள்ளே பெண்ணின் உடல் இருக்கிறது. அமெரிக்காவின் பல மாவட்டங்கள் வி.ஐ. ஸ்பிடாட் என்ற கேள்வித்தாளைப் பயன்படுத்தின. ஆம், இல்லை என்று பதில் சொல்லச் சொல்ல புள்ளி ஏறும். புள்ளி ஏற ஏறப் பட்டியலில் மேலே போகலாம். அதில் ஒரு கேள்வி, காசுக்காகப் பாலுறவு கொள்வது, போதைப்பொருள் கடத்துவது, ஊசியைப் பகிர்வது போன்ற ஆபத்தான காரியம் ஏதும் செய்கிறாயா என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்து கேட்கும்போது எந்தத் தாய் ஆம் என்று சொல்வாள்? சொன்னால் பிள்ளைகளை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் கறுப்பினப் பெண்களுக்கும் பூர்வகுடிப் பெண்களுக்கும் தலைமுறை தலைமுறையாக அனுபவத்தில் வந்தது. இல்லை என்றால் புள்ளி இல்லை. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தத் தாளில் வெள்ளையரல்லாத பெண்கள் குறைந்த புள்ளியே பெறுகிறார்கள் என்று காட்டியது. அடுத்த வருடம் அதை உருவாக்கியவர்களே அதைக் கைவிடும் வழி தேடப்போவதாக அறிவித்தார்கள். தன் காயத்தை நன்றாகச் சொல்லத் தெரிந்தவளுக்கு வீடு என்பது கேட்கக் கொடூரமாக இருக்கிறது. ஆனால் நல்ல 'விருந்தாளி' தேடும் பாட்காஸ்ட் தயாரிப்பாளரும் அதையேதான் செய்கிறார், புள்ளி போடுவதில்லை, அவ்வளவே.

எதிர்ப்பக்கத்தில் வீட்டுச் சொந்தக்காரர்களின் பாட்காஸ்ட்களும் இருக்கின்றன. அதாவது ஹவுசிங் அசோசியேஷன்களில் வேலை செய்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் 'துறை' நிகழ்ச்சிகள். வீட்டை 'ஸ்டாக்' என்பார்கள், குடியிருப்பவரை 'கஸ்டமர்' என்பார்கள். இவற்றில் பெண்கள் நிறையவே பேசுகிறார்கள். உயர்பதவியில் பெண்கள், தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு. அந்தப் பெண்கள் மேலே வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு மணிநேரம் பெண் தலைமை பற்றிக் கேட்ட பிறகும், அந்தத் தலைமையின் கீழ் வாடகை கட்டும் பெண்ணின் சுவரில் பூஞ்சணம் இருக்கிறதா இல்லையா என்று தெரியவராது.

பூஞ்சணம் என்றதும் நிற்கவேண்டியிருக்கிறது. ரொச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை வீட்டின் பூஞ்சணத்தால் இறந்தது. தந்தை 2017இலிருந்தே முறைப்பாடு செய்துகொண்டிருந்தார். 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி காரணத்தை வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. 2023இல் அந்தக் குழந்தையின் பெயரால் அறியப்படும் விதி சட்டத்தில் சேர்ந்தது. இதற்கு முன்பே, 2021இல், வீட்டுவசதிக் குறைகேள் அதிகாரி ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தார். ஈரத்துக்கும் பூஞ்சணத்துக்கும் குடியிருப்பவரின் 'வாழ்க்கைமுறை'யைக் காரணம் சொல்வதை நிறுத்துங்கள் என்பது அதன் சாரம்.

வாழ்க்கைமுறை என்பது யாருடைய முறை? ஜன்னலைத் திறக்காமல் சமைக்கிறாய், உடுப்பை உள்ளே காயப்போடுகிறாய், பானையை மூடாமல் கொதிக்கவைக்கிறாய். இந்த அறிவுரைகளை எத்தனையோ தடவை தமிழாக்கியிருக்கிறேன். ஒவ்வொன்றும் பெண்ணின் கைவேலை. கட்டடத்தின் ஓட்டையைச் சோறு வடிக்கும் ஆவியின்மேல் போடுகிறார்கள். பிள்ளையின் நெஞ்சுச் சளிக்குத் தன் சமையல்தான் காரணமோ என்று குற்றவுணர்வோடு அவள் குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்துவைக்கிறாள். வெப்பமூட்டக் கட்டிய காசு அந்த ஜன்னலால் போகிறது. பெண்ணின் வீட்டுவேலைக்குக் கூலி இல்லை என்று நாம் எழுதிவந்தோம். இங்கே அதற்குக் குற்றச்சாட்டே கூலியாகக் கிடைக்கிறது. இதைப் பற்றி முழுதாக ஒரு மணிநேரம் பேசும் நிகழ்ச்சி வந்தால் பியானோ இல்லாமலே கேட்பேன்.

கேள்வியின் திசை மாறிய ஒரு தொடரை நான் கேட்டிருக்கிறேன். பிபிசியின் கிரென்ஃபெல் விசாரணை பாட்காஸ்ட். 2017 ஜூன் 14 அதிகாலை மேற்கு லண்டனில் 24 மாடிக் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். பொது விசாரணையின் அமர்வுகள் 2018 மே மாதம் தொடங்கியபோது பாட்காஸ்டும் தொடங்கியது. முதலில் எடி மேர், பின்னர் கேட் லாம்பிள் தொகுத்தார்கள். முதல் நாட்கள் இறந்தவர்களை நினைவுகூர்வதற்காக ஒதுக்கப்பட்டிருந்தன. பிறக்கும் முன்பே இறந்த குழந்தைக்காக அதன் தந்தை முதலில் பேசினார். யாரும் அவரைக் கேள்வி கேட்கவில்லை. எவ்வளவு நேரம் தேவையோ அவ்வளவு நேரம் பேசலாம், எதையும் நிரூபிக்கவேண்டியதில்லை. சமூக வீட்டில் குடியிருந்தவர்கள் நிரூபிக்காமல் பேசிய இப்படியொரு சந்தர்ப்பம் எனக்கு வேறு நினைவில்லை.

அதன் பிறகு வந்த வருடங்கள் சலிப்பானவை. வேண்டுமென்றே இந்தச் சொல்லைப் போடுகிறேன். மின்னஞ்சல்கள், கூட்டக் குறிப்புகள், அலுமினியத் தகட்டின் உள்ளே இருந்த பாலிஎதிலீன், துத்தநாகத்துக்குப் பதில் அலுமினியம் போட்டதில் மிச்சமான சுமார் 2,93,000 பவுண், தானாக மூடாத கதவுகள். பதில் சொல்ல உட்கார்ந்திருந்தவர்கள் கட்டட வடிவமைப்பாளர், ஒப்பந்தக்காரர், தகடு விற்ற கம்பெனி, கோபுரத்தை நிர்வகித்த அமைப்பு, கவுன்சில். எப்போது தெரிந்தது? யாருக்குச் சொன்னீர்கள்? ஏன் எழுதிவைக்கவில்லை? வீட்டுப் பிரிவில் தினமும் நான் கேட்டுத் தமிழாக்கும் அதே தொனி, அதே பொறுமையான அடுக்கு. ஆனால் நாற்காலியில் இருந்தவர் மாறியிருந்தார். பஸ்ஸில் அதைக் கேட்கும்போது வந்த உணர்வை மகிழ்ச்சி என்று சொல்லமுடியாது. இத்தனை பேர் செத்த பிறகுதான் வீட்டுக்காரர் கதை சொல்லவேண்டிய முறை வந்தது.

2024 செப்டம்பரில் வந்த இறுதி அறிக்கை, நிர்வாக அமைப்பு முறைப்பாடு செய்த குடியிருப்பாளர்கள் சிலரைத் தீவிரக் குழப்பக்காரர்களாகப் பார்த்தது என்று சொல்கிறது. பேரழிவு ஒன்று நடந்தால்தான் இவர்களின் திறமையின்மை வெளியே வரும் என்று குடியிருப்பாளர் குழு ஒன்று 2016 நவம்பரிலேயே எழுதியிருந்தது. அந்த எழுத்தில் பியானோவுக்கு ஏற்ற சோகம் இல்லை. கோபமும் விவரமும் இருந்தன. சோகம் சொல்லும் குடியிருப்பாளரைத் தொண்டு நிறுவனம் தேடிப்போகும், விவரம் சொல்பவரைக் குழப்பக்காரர் என்பார்கள். பெண் என்றால் 'வாய்க்காரி' என்ற பட்டமும் சேரும்.

இந்தத் தொடரும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. சமூக வீட்டுவசதிக் கொள்கை முழுவதையும் ஆராய்வது விசாரணையின் எல்லைக்குள் இல்லை என்று 2017இலேயே தீர்மானித்துவிட்டார்கள். பாட்காஸ்ட் விசாரணையின் பின்னாலேயே நடந்ததால் அதன் வேலியைத் தாண்டவில்லை. 1980இல் தாட்சர் அரசு கவுன்சில் வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே விற்கும் உரிமையைச் சட்டமாக்கியதும், விற்றவற்றுக்கு ஈடாகக் கட்டாமல் விட்டதும், மிஞ்சியவற்றில் யார் மிஞ்சினார்கள் என்பதும் ஓரங்களில்தான் வருகின்றன. தன் தாயோடு அந்தக் கோபுரத்தில் இறந்த கதீஜா சே ஒரு புகைப்படக் கலைஞர். அந்த வருடம் வெனிஸ் பியெனாலேயில் அவர் படங்கள் வைக்கப்பட்டிருந்தன. அப்படி ஒரு பெண் ஏன் இருபதாவது மாடியில் பாதுகாப்பில்லாமல் இருந்தார் என்பது தகட்டைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல.

மைக்கை வீடற்றவரே வைத்திருந்தால்? லாஸ் ஏஞ்சலிஸில் தியோ ஹெண்டர்சன் 2019இல் 'வீ தி அன்ஹவுஸ்ட்' தொடங்கியபோது அவரே பூங்காவில் வாழ்ந்துகொண்டிருந்தார். முன்பு ஆசிரியராக இருந்தவர். 'ஹோம்லெஸ்' என்ற சொல்லை விட்டு 'அன்ஹவுஸ்ட்' என்கிறார், வீடு இல்லாதவர் அல்ல, வீடு கொடுக்கப்படாதவர் என்ற பொருளில். முதலில் சொல் விளையாட்டு என்றுதான் எனக்கும் பட்டது. கேட்கக் கேட்கத் தெரிந்தது, அவர் நிகழ்ச்சியில் பேசுபவர்கள் தங்களை விளக்குவதில்லை. எந்தத் தெருவில் கூடாரங்களை அகற்ற வருகிறார்கள், நகரத்தின் 41.18ஆம் சட்டப் பிரிவு எங்கே உட்காரவும் படுக்கவும் தடைபோடுகிறது என்ற செய்தி அங்கே முதலில் நிற்கிறது. வெளியாட்கள் கேட்கலாம், ஆனால் நிகழ்ச்சி அவர்களுக்காக அல்ல. ஒலித்தரம் சில இடங்களில் சுமார்தான்.

லண்டனிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு, பாட்காஸ்ட் அல்ல. நியூஹாமில், நம் தமிழர்கள் நிறைந்த ஈஸ்ட் ஹாமும் அடங்கிய அதே நகரசபைப் பகுதியில், 2013இல் ஒரு விடுதியில் இருந்த 29 இளம் தாய்மார்களை வெளியேறச் சொன்னார்கள். மான்செஸ்டர், பர்மிங்காம், ஹேஸ்டிங்ஸ் போன்ற தூர ஊர்களில் வீடு பார்க்கலாம் என்றார்கள். ஃபோகஸ் இ15 தாய்மார் என்று அவர்கள் அமைப்பாகி, அடுத்த செப்டம்பரில் ஆளில்லாமல் பூட்டிக்கிடந்த கார்ப்பென்டர்ஸ் குடியிருப்பின் வீடுகளில் புகுந்து உட்கார்ந்தார்கள். சனிக்கிழமைகளில் ஸ்ட்ராட்ஃபோர்ட் தெருவில் மேசை போட்டார்கள். வருகிறவளிடம் அவர்கள் முதலில் கேட்பது கதையை அல்ல, கவுன்சில் கொடுத்த கடிதத்தை.

தமிழில் இப்படி ஒரு நிகழ்ச்சி வேண்டும் என்று சில நண்பிகளோடு கதைத்துவருகிறோம். பெண்களை அழைத்து அவர்கள் பட்டதைச் சொல்லவைப்பதில்லை என்பது மட்டும் முடிவாகியிருக்கிறது. கடிதங்களின் மொழியைத்தான் எடுத்துப் பேசுவோம். 'இன்டென்ஷனலி ஹோம்லெஸ்' என்ற சொற்றொடரை, வேண்டுமென்றே வீடிழந்தவர் என்று நான் தமிழாக்கும்போதெல்லாம் அறையில் ஒரு கணம் யாரும் பேசமாட்டார்கள். "பிள்ளை, வேணுமெண்டு ஆராவது வீட்டை விடுவினமோ?" என்று யாராவது ஓர் அம்மா கேட்பார். அது அதிகாரிக்கான கேள்வி, என்னைப் பார்த்துத்தான் கேட்பார்கள், நான் அதையும் ஆங்கிலத்தில் சொல்வேன், பதிவேட்டில் அது ஏறாது. முதல் நிகழ்ச்சி இந்தச் சொற்றொடரைப் பற்றியதாக இருக்கலாம். வாடகை பாக்கிக்காக வெளியேற்றப்பட்டவளுக்கும், உறவினர் வீட்டில் இடநெருக்கடியால் வெளியே வந்தவளுக்கும், கவுன்சில் காட்டிய தூரத்து வீட்டை மறுத்தவளுக்கும் வரும் கடிதங்கள் வேறுவேறு, ஒவ்வொன்றிலும் எந்தப் பிரிவு, எதை எதிர்க்கலாம் என்று. நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு தடவை சொல்லவேண்டிய விவரம் ஒன்று உண்டு: கவுன்சில் மறுத்து அனுப்பும் முடிவுக் கடிதம் கையில் கிடைத்ததிலிருந்து 21 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்கவேண்டும். தேதியைக் கடித உறையின்மேல் எழுதிவைக்கச் சொல்லவேண்டும்.